முத்தாம்பாவின் காது

திண்டிவனம்
18-7-1982

அன்புள்ள அக்கா,

வந்து சேர்ந்துட்டேன். நீ கட்டிக் குடுத்த ஊறுகா ரெண்டே நாள்ல தீர்ந்து போச்சு. விடுதியில ரூமுக்கு நாலு பேர், நாலு பேருக்கும் நாக்கு நீளம்.

ஆனர்ஸ்னா இன்னாடான்னு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல கேட்டே. பஸ் கிளம்புற அவசரத்துல நான் என்னத்தையோ உளறிட்டேன். இப்போ நிதானமா எழுதுறேன், மாமாவுக்கும் படிச்சுக் காட்டு. பி.ஏ. பொருளாதாரத்துல சேர்ந்தவங்க அறுபது பேர். அதுல தனியா ஒரு பரீட்சை வச்சு எட்டுப் பேரைப் பொறுக்கி எடுத்திருக்காங்க. எங்களுக்குக் கூடுதலா பாடம் உண்டு, எல்லாமே இங்கிலீஷ்ல. மூணாவது வருஷம் சொந்தமா ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதணும். வெளியூர்லேர்ந்து ஒரு பேராசிரியர் வருவார், அவர் முன்னாடி உக்காந்து கேக்குற கேள்விக்கெல்லாம் வாயால பதில் சொல்லணும். அதுக்கு வைவான்னு பேரு. நடுவுல எந்த வருஷமாவது அறுபது மார்க்குக்குக் கீழே போனா, எழுந்துபோய் சாதா பி.ஏ. பெஞ்சுல உக்காருன்னு சொல்லிடுவாங்க.

எட்டுப் பேர்ல நான் எட்டாவது. இந்த வரியை மட்டும் மாமாகிட்ட படிக்காதே.

குழந்தைக்கு நம்ம திருவாமாத்தூர் அம்மன் பேரையே வச்சதுல அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம். முத்தாம்பிகைன்னு கூப்பிட என் வாய் வலிக்குது. நான் முத்தாம்பான்னுதான் கூப்பிடப் போறேன்.

உன் தம்பி
கோதண்டபாணி


கோலியனூர்
2-8-1982

டேய் கோதண்டம்,

உன் கடுதாசிய மாமாவுக்குப் படிச்சுக் காட்டுனேன், எட்டாவதுன்ற வரியையும் சேத்துத்தான். சிரிச்சு சிரிச்சு அவருக்குப் பொறை ஏறிடுச்சு. எங்க மாமியாருக்கும் சொன்னேன். "அறுபது பேர்ல எட்டுப் பேர்தான் போயிருக்காங்கன்னா அது யாரும் சேராத கிளாசா இருக்கும்டி"ன்றாங்க. முனியம்மாள்கிட்ட யாரு பேசி ஜெயிக்கறது? நீ இங்கிலீஷ் படிச்சு முடிச்சப்புறம் வந்து பேசிப் பாரு.

நான் சொல்ல வந்தது வேற. சித்திரை வந்தா முத்தாம்பாவுக்குப் பதினோரு மாசம் ஆவும். மொட்ட போட்டுக் காது குத்தணும், திருவாமாத்தூர்லயே. ஒண்ணு, மூணு, அஞ்சு, இப்பிடி ஒத்தப்பட வயசுலதான் குத்தணும்னு உனக்குத் தெரியும். மாமன் மடியிலதான் குந்த வைக்கணும்னும் தெரியும். எனக்கு இருக்கறது நீ ஒருத்தன். தொடையக் கொஞ்சம் பெருக்க வைடா, கொக்குக் காலு மாதிரி இருக்குது. கொழந்த வழுக்கிக்கினு போயிடும்.

வேளாவேளைக்குச் சாப்புடு. ரூமுல இருக்கற பசங்க ஊறுகாயைத் தின்னா அதட்டு.

அக்கா ராஜாமணி


கோலியனூர்
17-4-1983

கோதண்டபாணிக்கு,

முந்தாநாள் திருவாமாத்தூர் கோயில்ல ரெண்டு ஊர் சனம் குந்திக்கினு இருந்துது. மொட்ட போட்டாச்சு, சந்தனம் தடவியாச்சு, காது குத்துற பத்தர் ஊசியக் கையில வச்சுக்கினு "மாமன் எங்க, மாமன் எங்க"ன்றாரு. அப்பா ரோட்டுக்கும் கோயிலுக்குமா நடக்கறாரு. ஒவ்வொரு பஸ்ஸா வருது, நீ எறங்கல.

மாமியார் எல்லாருக்கும் நடுவுல, "வராத மாமனுக்கு எவ்ளோ நேரம் காத்துக் கெடக்கறது, உங்க பெரியப்பா மவன் பெரியதம்பி மடியில வச்சுக் குத்துங்க"ன்னுட்டாங்க. அவனும் வேட்டிய இழுத்து வுட்டுக்கினு குந்தியே போயிட்டான். நான் கொழந்தைய வாரித் தூக்கிக்கினு எழுந்துட்டேன். கூடப் பொறந்தவன் கல்லு மாதிரி இருக்கச்சொல்ல எம்பொண்ணு ஏன் இன்னொருத்தன் மடியில குந்தணும்? அப்பிடியே வெறுங் காதோட ஊட்டுக்கு வந்துட்டோம்.

உன் கார்டு நேத்துதான் வந்துது. பரீட்சை ஒரு நாள் தள்ளிப் போச்சு, வர முடியாதுன்னு. விசேஷம் முடிஞ்சு எலை எடுத்தப்புறம் வந்து சேந்துது. படிச்ச புள்ளைக்கு ஒரு தந்தி குடுக்கத் தெரியாதா?

நான் உன்னோட பேசல.

ராஜாமணி


திண்டிவனம்
20-4-1983

அக்கா,

தந்தி ஆபீசு வாசல் வரைக்கும் போனேன். ஃபாரத்தையும் கையில வாங்கினேன். அப்புறம் நெனச்சுப் பார்த்தேன். நம்ம பக்கத்துல தந்தின்னாலே சாவு செய்திதானே. சைக்கிள்ல தந்திக்காரன் வந்து நின்னா, உங்க அத்தை பிரிச்சுப் பார்க்கறதுக்குள்ள மாரடிச்சு ஒப்பாரி வச்சிடுவாங்க. நல்ல காரியம் நடக்கிற வீட்ல அது வேணாமேன்னு கார்டு போட்டேன். இதுதான் நடந்தது. நான் போட்ட கணக்கு எனக்கே வினையா வந்துடுச்சு.

அன்னிக்குக் காலையில பரீட்சை ஹால்ல உக்காந்திருந்தேன், என் மனசு பூரா கோயில்லதான் இருந்தது. எழுதினது ஒண்ணும் நெனப்புல இல்ல.

நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். இந்த ஆனர்ஸ் எனக்கு வேணாம். தமிழ்ல படிச்சுட்டு வந்தவனுக்கு இவங்க பேசுற இங்கிலீஷ் பாதி புரியுது, பாதி பேஜாரு. வகுப்புல வாயைத் தொறக்கவே பயமா இருக்கு. எங்க தலைமைப் பேராசிரியர் சீனுவாசன் சார்கிட்ட ஜூன் மாசம் சொல்லிட்டு சாதா பி.ஏ.வுக்கு மாறிடறேன். அப்புறம் நீ எப்பக் கூப்பிட்டாலும் வந்து நிப்பேன். முத்தாம்பாகிட்ட மாமன் மன்னிப்புக் கேட்டான்னு சொல்லு.

கோதண்டபாணி


கோலியனூர்
26-4-1983

டேய்,

பேசலன்னு எழுதுனவதான், எழுத வேண்டியதா ஆக்கிட்டியே. கார்டு போட்ட கதையப் படிச்சு மாமா வயித்தப் புடிச்சுக்கினு சிரிக்கறாரு. அத்தைக்குப் படிச்சுக் காட்டல. காட்டியிருந்தா உனக்கே ஒப்பாரி வச்சிருப்பாங்க.

நல்லாக் கேட்டுக்கோ. அந்தப் பரீட்சைக்காக எம்பொண்ணு ஊர் பாக்க வெறுங் காதோட ஊட்டுக்கு வந்துது. என்னை ஏச்சுப் பேச்சுக் கேக்க வச்ச அந்த ஆனர்ஸ நீ வேணாம்னு தூக்கிப் போடுவியா? அப்ப நான் பட்ட அவமானத்துக்கு இன்னா அர்த்தம்?

என்னை எட்டாங் கிளாசோட படிப்ப நிறுத்துனாங்க. நிறுத்துனவங்க மேல எனக்கு இன்னிக்கு வருத்தமில்ல. ஆனா உன்ன யாரும் நிறுத்தாம நீயா நின்னுட்டேன்னா, சாவுற வரைக்கும் எனக்கு ஆறாது.

அதனால சொல்றேன். நீ ஆனர்ஸ் முடிக்கற வரைக்கும் முத்தாம்பாவுக்குக் காது குத்த மாட்டேன். நம்ம திருவாமாத்தூர் சாமி அபிராமேஸ்வரர் மேல ஆணை. முடிக்காம எங்க வாசப்படி மிதிக்காதே. நீ லீவுல திருவாமாத்தூர் வந்தா, அந்த நாள்ல நான் அங்க வர மாட்டேன். ஒரு வயசு போச்சு, இனிமே மூணுதான் கணக்கு. மூணாவது வயசு முடியறதுக்குள்ள நீ முடிச்சுட்டு வந்து குந்தணும். உன்னால எம்பொண்ணு வெறுங் காதோட அஞ்சு வயசு வரைக்கும் நின்னா, உனக்குச் சோறு எறங்குமா பாத்துக்கோ.

பயமா இருக்குதாம் பயம். சின்னப் புள்ளையில கெணத்துல குதின்னா நீதானே மொதல்ல குதிப்பே?

ராஜாமணி


திண்டிவனம்
11-11-1983

அக்கா,

ஆணையா போட்டே ஆணை! பெஞ்சு மாறலாம்னு சீனுவாசன் சார் ரூம் வரைக்கும் போனேன். என்னப்பா காரணம்னு கேட்டார். உள்ளதைச் சொன்னேன். "உங்க அக்கா சம்மதிச்சாங்களா?"ன்னார். இல்லைன்னேன். "அவங்க கையெழுத்து வாங்கிட்டு வா, மாத்திடலாம்"னு சிரிச்சுக்கிட்டே அனுப்பிட்டார். நீ எங்கே கையெழுத்துப் போடப் போறே?

போன வருஷம் அறுபத்தொண்ணு, அதனால தப்பிச்சேன். எட்டுப் பேர் இப்போ ஆறு பேர். அதுல என் ரூம் ராயப்பன் ஒருத்தன்தான் என்னை மாதிரி தமிழ்ல படிச்சவன். ரெண்டு பேரும் சாயங்காலம் ரயில் தண்டவாளத்து ஓரமா நடந்துக்கினே தப்புத் தப்பா இங்கிலீஷ் பேசறோம். மாடு மேய்க்கிறவங்க நின்னு பார்க்கறாங்க.

முத்தாம்பா நடக்குதாமே? அப்பா எழுதியிருந்தார். நடக்கறதை நான் பார்க்கலை. மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குது அக்கா. ஒரு மணி நேர பஸ்ஸுதான், ஆனா அமெரிக்காவுல இருக்கற மாதிரி வச்சுட்டே.

கோதண்டபாணி


கோலியனூர்
20-1-1984

கோதண்டம்,

தை அஞ்சாந்தேதி பெண்ணையாத்துல ஆத்துத் திருநாவுக்குப் போயிருந்தோம். சாமியெல்லாம் வரிசையா மணல்ல எறங்கி நிக்குது, காலு வைக்க எடமில்ல. மாமா முத்தாம்பாவத் தோள்ல வச்சிருந்தாரு. கொஞ்ச நேரத்துல பாத்தா கொழந்த கையில அவிச்ச சிறுவள்ளிக் கெழங்கு இருக்குது. யாரு குடுத்ததுன்னா, "கூட்டத்துல யாரோ குடுத்தாங்க"ன்றாரு. பொய் சொன்னா உங்க மாமாவுக்கு மூக்கு நுனி செவக்கும்.

நீல சட்டை போட்டுக்கினு பலூன்காரன் பின்னால ஒளிஞ்சது நீதானே? நான் பாத்துட்டேன். பாக்காத மாதிரி ராட்டினத்துப் பக்கம் திரும்பிக்கினேன். ஆணை எங்க வாசப்படிக்குத்தான். ஆத்துக்கு வாசப்படி ஏது?

எளச்சுப் போயிட்டே. கண்ணுலாம் உள்ள போயிடுச்சு. படிக்கறது சரி, சாப்புடவும் செய்.

அக்கா


திண்டிவனம்
9-6-1984

அக்கா,

அறுபத்தி நாலு! ரெண்டாவது வருஷமும் தாண்டிட்டேன். இப்போ வகுப்புல அஞ்சு பேர். நான் நாலாவது. இதை மாமாகிட்ட சத்தமாப் படி.

ஆத்துல ஒளிஞ்சது நான்தான். கெழங்கு குடுக்கும்போது முத்தாம்பா என் மூக்கைப் புடிச்சு இழுத்தது. மாமன்னு தெரியாது, மூக்குன்னுதான் தெரியும். அன்னிக்கு பஸ்ல திரும்பும்போது அழுதேன்னு சொன்னா நம்புவியா?

கட்டுரைக்குத் தலைப்பு குடுத்துட்டாங்க. வேர்க்கடலைன்னு எழுதிக் குடுத்தாங்க, நம்ம மல்லாட்டைதான்! அறுவடை ஆன வாரமே விவசாயி ஏன் வித்துடறான், ஒரு மாசம் வச்சிருந்து விலை ஏறினப்புறம் ஏன் விக்கறதில்லேன்னு ஆராயணும். விழுப்புரம், திண்டிவனம் ரெண்டு மார்க்கெட்டுலயும் விசாரிக்கறேன். மாமாகிட்டயும் கேட்டு எழுது. நீ ஏன் உடனே வித்தேன்னு கேளு.

கோதண்டபாணி


கோலியனூர்
3-2-1985

தம்பி கோதண்டம்,

மாமாகிட்ட கேட்டேன். "ஊட்டுல வச்சா உங்க அக்காவும் முத்தாம்பாவும் தின்னே தீத்துடுவாங்க, அதான் வித்துட்டேன்னு எழுது"ன்னாரு. இத உங்க பேராசிரியர் ஒத்துக்குவாரா?

அவரு சொன்னதும் பொய்யில்ல. உன் மருமவ மல்லாட்டைய வாயில போடறதோட வுடல. நுனிய அமுக்கினா தோலு வாயத் தொறக்கும் பாரு, அதக் காதுல கவ்வ வுட்டுக்கினு தெருவெல்லாம் சுத்தறா. "நான் கம்மல் போட்டேன், நான் கம்மல் போட்டேன்"னு ஒரே ஆட்டம். பாக்கறவங்க சிரிக்கறாங்க. எனக்கும் சிரிப்பு வருது, ஆனா பக்கத்து ஊட்டுப் பொண்ணுங்க ஜிமிக்கி ஆட்டிக்கினு வந்தா இவ மொகம் சுருங்கிப் போவுது.

மாமியார் தெனம் ஒரு தடவ கேக்கறாங்க. வர்ற வைகாசியோட மூணு முடியுது. மே மாசம் இருபத்திரெண்டாந்தேதி புதங்கெழமைதான் கடைசி நல்ல நாளுன்னு குறிச்சுக் குடுத்துட்டாங்க. உன் வைவா பத்தாந்தேதின்னியே, பரவால்ல. முடிச்சுட்டு ஜல்தி வா. இந்தத் தடவ நீ வரலன்னா பெரியதம்பி மடிதான்னு அத்தை கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணாத கொறை. நானும் இன்னும் எத்தினி நாளைக்குத்தான் மல்லுக்கட்டறது?

அக்கா


திண்டிவனம்
16-5-1985

அக்கா,

இன்னிக்குக் காலையில தந்தி குடுத்திருக்கேன். போன தடவை பட்டது போதும். தந்தி கிடைச்சப்புறம் இந்தக் கடுதாசி வரும். முதல்ல அத்தையை அழாம இருக்கச் சொல்லு, யாரும் சாகலை.

மெட்ராஸ்லேர்ந்து வர்ற பேராசிரியருக்கு உடம்பு சரியில்லாம போய், வைவாவைத் தள்ளி வச்சுட்டாங்க. எந்தத் தேதிக்குத் தெரியுமா? இருபத்திரெண்டு. காலை பத்தரை மணி. எனக்கும் இந்தக் காதுக்கும் என்ன பகைன்னே தெரியலை.

கட்டுரை முடிச்சுக் குடுத்துட்டேன். ஆனா வைவாவுக்குப் போகலைன்னா ஆனர்ஸ் கிடையாது, வெறும் பி.ஏ.தான். போகட்டும். ரெண்டு நாளா யோசிச்சுட்டேன். வெறும் பி.ஏ.வும் பட்டம்தானே? மருமக காதுல மல்லாட்டையை மாட்டிக்கினு இன்னும் ரெண்டு வருஷம் நிக்கறதை என்னால பார்க்க முடியாது. இன்னொருத்தன் மடியில உக்காரறதையும் பார்க்க முடியாது. நான் புதன்கிழமை திருவாமாத்தூர் வந்துடறேன். ஆனர்ஸ் முடிக்காமதான் வர்றேன். நீ ஆணையை மட்டும் தளர்த்திக்கோ.

கோதண்டபாணி


கோலியனூர்
18-5-1985

அடே மடையா,

தந்தி வந்துது. நீ நெனச்சது அப்பிடியே நடந்துது. தந்திக்காரன் மணியடிச்சதுதான் தெரியும், அத்தை தலையவிழ்த்துப் போட்டுக்கினு நடுவாசல்ல வுழுந்து "என் ராசாவே"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. எந்த ராசான்னு அவுங்களுக்கும் தெரியாது. தெருவே கூடிடுச்சு. இங்கிலீஷ்ல இருந்ததால ஸ்கூல் வாத்தியாரத் தேடிக்கினு மாமா ஓடுனாரு. அவரு வந்து படிச்சு, "யாரும் சாவல, பரீட்சை தேதி மாறியிருக்குது"ன்னாரு. அத்தை கண்ணத் தொடச்சுக்கினு, "இதுக்கா நான் இவ்ளோ அழுதேன்"னு உன்னத் திட்ட ஆரம்பிச்சாங்க. அதுவும் நல்லாத்தான் இருந்துது.

இன்னிக்குக் கடுதாசி வந்துது. மூணு வருஷம் நீயும் நானும் பட்ட பாட்டக் கடைசி நாள்ல கொண்டுபோய் ஆத்துல கொட்டறேன்றியே! நீ வைவாவுக்குப் போவணும். காதும் குத்தணும். அதே நாள்லதான் குத்தணும்.

மாமன் மடிதான்டா சாஸ்திரம். கோயிலுக்குள்ளதான் மடி இருக்கணும்னு யாரு சொன்னது? மடிய நீ தூக்கிக்கினு வர வேணாம். நாங்க காதத் தூக்கிக்கினு வர்றோம். புதங்கெழம ஒம்பதே காலுக்கு மேல நல்ல நேரம், உனக்கு வேலை பத்தரைக்கு. காது குத்துற பத்தரக் கூடவே கூட்டிக்கினு மொத பஸ்ஸுக்குக் கெளம்பறோம். அப்பா, மாமா, அத்தை எல்லாரும் வர்றாங்க. அத்தைகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு பயந்தேன். "ஆமா, அந்த யாரும் சேராத கிளாசு எப்பிடித்தான் இருக்குதுன்னு பாத்துட்டு வருவோம்"னு அவுங்களே பொடவ எடுத்து வச்சுட்டாங்க.

உங்க சீனுவாசன் சாருகிட்ட கேட்டு, நெழலா ஒரு மரம் மட்டும் பாத்து வை. ஆணைய நான் தளத்தல. ஒரு மணி நேரம் கடன் குடுக்கறேன், காது முன்னால, ஆனர்ஸ் பின்னால. குத்துன கையோட உள்ள போய் முடிச்சுட்டு வரணும்.

அக்கா ராஜாமணி


திண்டிவனம்
21-6-1985

அன்புள்ள அக்கா,

ரிசல்ட் வந்துடுச்சு. ஆனர்ஸ், முதல் வகுப்பு! அஞ்சு பேர்ல ரெண்டாவது. ராயப்பன் மூணாவது. மாமாகிட்ட படி, அப்பாகிட்ட படி, தெருவுல நின்னு படி.

அன்னிக்கு முடிஞ்சதும் அத்தைக்கு வெயில் தாங்கலைன்னு நீங்க உடனே பஸ் ஏறிட்டீங்க. உள்ளே நடந்ததை அப்பாவுக்குக் கார்டுல கோடு காட்டினதோட சரி. இப்போ முழுசாக் கேளு.

புங்க மரத்தடியில முத்தாம்பா என்னைப் பார்த்ததும் அலறினாளே, பெத்தவளே புடிச்சாலும் மடியில உக்கார மாட்டேன்னாளே. அப்போதான் பத்தர் கூடையில குழந்தைங்களுக்குன்னு வச்சிருந்த மல்லாட்டையை எடுத்து என் ரெண்டு காதுலயும் மாட்டிக்கிட்டேன். அவ அழுகையை நிறுத்தி என்னை உத்துப் பார்த்தா. "மாமா கம்மல்"னு சிரிச்சுக்கிட்டே வந்து குந்தினா. அந்த நிமிஷத்தை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். சீனுவாசன் சார் தாம்பாளத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னதையும் மறக்க மாட்டேன்.

மணி பத்தரைன்னதும் ஓடினேன் இல்ல? ஓடின அவசரத்துல ஒரு காது மல்லாட்டையை எடுக்கலை. அப்படியே போய் மெட்ராஸ் பேராசிரியர் முன்னாடி உக்காந்துட்டேன். சட்டை பூரா சந்தனம், தோள்ல குழந்தையோட மூக்குச்சளி. அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துட்டு, "உங்க காதுல இருக்கறது என்ன?"ன்னு இங்கிலீஷ்ல கேட்டார். தடவிப் பார்த்தேன். போச்சு, மானம் போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் எங்கேர்ந்து தைரியம் வந்ததோ, "நான் கட்டுரை எழுதின பயிர் சார், காட்டலாம்னு கொண்டு வந்தேன்"னு இங்கிலீஷ்லயே சொல்லிட்டேன். மனுஷன் மேஜையைத் தட்டிச் சிரிச்சார். அதுக்கப்புறம் எனக்குப் பயமே இல்ல. ஜன்னலுக்கு வெளியே முத்தாம்பா வீல்வீல்னு அழற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தது. நானும் விடாம பேசிக்கிட்டே இருந்தேன். மாமா சொன்ன காரணத்தையும் சொன்னேன். அதை அவர் குறிச்சுக்கிட்டார்.

சீனுவாசன் சார் எம்.ஏ.வுக்கு மெட்ராஸ் போகச் சொல்றார். விண்ணப்பமும் வாங்கிக் குடுத்துட்டார். எனக்குத்தான் மனசு இல்ல. அங்கே பெரிய பெரிய எடத்துப் பசங்க வருவாங்களாம். போதும் அக்கா, இங்கேயே ஏதாவது வேலை பார்த்துக்கிட்டு வாரா வாரம் வந்து முத்தாம்பாகூட விளையாடறேன். காது குத்தியாச்சு, உன் ஆணையும் தீர்ந்துச்சு. இனிமே என்னை மிரட்ட உன்கிட்ட ஒண்ணும் இல்ல!

உன் தம்பி
கோதண்டபாணி பி.ஏ. (ஆனர்ஸ்)


கோலியனூர்
25-6-1985

பி.ஏ. ஆனர்ஸ் கோதண்டபாணி அவர்களுக்கு,

கடுதாசியத் தெருவுல நின்னுதான் படிச்சேன். அத்தை பக்கத்துல நின்னுக்கினு, "எட்டுப் பேர் சேந்தாங்க, மூணு பேரால முடியல, எங்க மருமவ தம்பி ரெண்டாவதா வந்திருக்குது"ன்னு போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் சொல்றாங்க. யாரும் சேராத கிளாசு இப்ப யாராலயும் முடிக்க முடியாத கிளாசாயிடுச்சு. நான் உள்ள போய் அடுப்புக்கிட்ட குந்திக்கினு நல்லா அழுதேன். சந்தோஷத்துலதான்டா.

முத்தாம்பா காது ஆறிடுச்சு. ஜிமிக்கி போட்டாச்சு. ஆனா மல்லாட்டையைப் பாத்தா இன்னும் "மாமா கம்மல்"னுதான் சொல்றா. வாசப்படி தொறந்துதான் இருக்குது. ஞாயித்துக்கெழம வா, கோழி அடிக்கறேன்.

வரச்சொல்ல அந்த எம்.ஏ. விண்ணப்பத்த எடுத்துக்கினு வா. பெரிய எடத்துப் பசங்கன்னா அவனுங்களுக்கு மட்டும் ரெண்டு தல இருக்குதா? மிரட்ட எங்கிட்ட ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கே. பொல்லாத ஆளுடா நீ, அக்காவ இன்னும் சரியாப் படிக்கல. எனக்கு இது மூணாவது மாசம். மாமாவுக்கும் அத்தைக்கும் அடுத்தபடியா உனக்குத்தான் சொல்றேன்.

எம்.ஏ. ரெண்டு வருஷந்தானாமே? நல்லதாப் போச்சு. இந்தக் காதும் காத்துக்கினு இருக்கும்.

உன் அக்கா
ராஜாமணி